வெளியே போன நேரம்

ஒரே விதி 41 முறை இருந்தது. எழுத்து மாறாமல், எண் மாறாமல், ஒன்றன் கீழ் ஒன்றாக. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மாடிப்படிக்குக் கீழே, கழற்றிப் போட்ட தையல் மெஷின் ஸ்டாண்டின் மேல், ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. வெளியூரிலிருந்தும் வீட்டிலிருந்தும் ஆபீசுக்குள் வருகிற விபிஎன் (இணையத்தின் வழியே போடும் பூட்டிய தனிப்பாதை) எல்லாம் அதன் வழியாகத்தான். எதையோ தேடப் போய், எதை விடுவது எதைத் தடுப்பது என்று சொல்லும் அதன் ஃபயர்வால் விதிகளைத் திரையில் கொட்டச் சொன்னேன். கொட்டிக்கொண்டே இருந்தது.

அத்தனையும் நான் எழுதிய ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளை வரிசை) போட்டவை. அதனால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதுதான் வேடிக்கை. வலையில் வருகிற தகவல் பொட்டலத்தை, அதாவது பாக்கெட்டை, முதல் விதியே பிடித்துக்கொள்ளும். மீதி நாற்பதும் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி பின்னால் சும்மா நிற்கும். யாரும் போன் செய்து புகார் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சேர்ந்துகொண்டே போகிற விதி இது என்றால், எடுத்திருக்க வேண்டியும் எடுக்காமல் விட்ட விதி எது?

அந்தக் கம்பெனி கேட்டில் ஒரு நீள நோட்டு உண்டு. பெயர், யாரைப் பார்க்க, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து. வாட்ச்மேன் அண்ணன் வந்த நேரத்தைக் கேட்டு எழுதாமல் யாரையும் விடமாட்டார். போகும்போது வண்டி சத்தம் கேட்டால் கேட்டைத் திறந்துவிடுவார், அவ்வளவுதான். அந்த நோட்டை நம்பினால், ராத்திரி ஒன்பது மணிக்கு நூல் ஏஜென்ட், அட்டைப்பெட்டிக்காரர், கூரியர் பையன் என்று பத்து முப்பது பேர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். நான் எழுதிய ஸ்கிரிப்டும் அதே நோட்டுத்தான் என்று புரிய எனக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது.

2020 மார்ச் 24 இரவு, 21 நாள் ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. அடுத்த நாள் காலையிலிருந்து என் போன் சூடு ஆறவில்லை. அக்கவுன்ட்ஸ் நான்கு பேரும் வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கு ஃபைல் சர்வர் வேண்டும். பையர் அனுப்பிய டெக் பேக் (ஆடையின் அளவு, வடிவ விவரங்கள்) எல்லாம் அதில்தான். ஆடிட்டருக்கு டேலி மட்டும் போதும், வேறு எதுவும் கண்ணில் படக் கூடாது. அந்த வாரக் கடைசியில், மார்ச் 29 அன்று, வயர்கார்டு என்ற புதிய விபிஎன் முறையைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட லினக்ஸ் 5.6 வெளியானது. அதைப் படிக்கவெல்லாம் எனக்கு அப்போது நேரமில்லை. தெரிந்தது ஓப்பன்விபிஎன் என்ற பழைய விபிஎன் மென்பொருள். அது பேசுகிற 1194 போர்ட்டை (எண் போட்ட வாசலை)த் திறந்துவிட்டு, ஆளுக்கு ஒரு சான்றிதழ் (உள்ளே வரச் சாவி மாதிரி) போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்காகத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

யாருக்கு எது தெரியவேண்டும் என்பதற்குத்தான் ஃபயர்வால். ஓப்பன்விபிஎன்னில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் உள்ளே வரும்போது ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும், போகும்போது இன்னொன்றை ஓட்டும். வந்தவரின் பெயரையும் அவருக்குக் கொடுத்த முகவரியையும் (வலையில் அவரைக் காட்டும் எண்) ஸ்கிரிப்டின் கையில் கொடுக்கும். வந்தால் விதியைச் சேர், போனால் எடு. இதைவிட இயல்பான யோசனை இருக்க முடியுமா? நானும் அப்படித்தான் எழுதினேன். இணையத்தில் அகப்பட்ட உதாரணங்களும் அப்படித்தான் இருந்தன.

அதில் ஒரு ஆசையையும் சேர்த்துக்கொண்டேன். யார் வந்தாலும் போனாலும் முதலாளிக்கு டெலிகிராமில் ஒரு செய்தி. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எனக்குத்தான் வினையாகிவிட்டது.

ஓப்பன்விபிஎன்னின் இரண்டாம் தலைமுறை ஒற்றை இழையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே வேலையாக, ஓடுகிற மென்பொருள். ஸ்கிரிப்டைக் கூப்பிட்டால், அது முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் மற்ற எல்லோருடைய பாக்கெட்டும் வாசலில் காத்துக்கிடக்கும். டெலிகிராமுக்குச் செய்தி போக நான்கு விநாடி ஆனால், அந்த நான்கு விநாடியும் எல்லோருக்கும் டேலி உறைந்து நிற்கும். அக்கவுன்ட்ஸ் அக்கா ஒருவர், “தம்பி, யாரோ உள்ள வர்றப்பெல்லாம் எனக்கு நிக்குதுங்க” என்று சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான். லாக் எதையும் பார்க்காமல், நெட்வொர்க் படித்தவன் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார்.

2.5 பதிப்பிலிருந்து, வரும்போது ஓடுகிற வேலையை ஒத்திப்போட முறையான வழி வந்தது. என்னிடம் இருந்தது 2.4. நான் செய்தது சோம்பேறி வைத்தியம்: ஸ்கிரிப்ட் தன் வேலையைப் பின்னணியில் தள்ளிவிட்டு உடனே ‘முடிந்தது’ என்று திரும்பிவிட வேண்டும். உறைவது நின்றது. எல்லோரும் சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு விநோதமான புகார். மெர்ச்சண்டைசர் ஒருவர் அவிநாசியிலிருந்து கம்பெனிக்குக் காரில் வருவார். பாஸ் வாங்கிக்கொண்டு வரலாம் என்றாகிவிட்ட சமயம். பின்சீட்டில் லேப்டாப், போன் ஹாட்ஸ்பாட். “விபிஎன் பச்சை காட்டுதுங்ணா, ஃபோல்டர் மட்டும் தொறக்க மாட்டேங்குது” என்பார். நான் வீட்டில் உட்கார்ந்து அவர் பெயரில் இணைத்துப் பார்த்தால் ஒழுங்காகத் திறக்கும். அவர் வீட்டிலிருந்தும் திறக்கும். காரில் மட்டும் திறக்காது. அவரும் சலித்துப்போய், “நம்ம ரோட்டு மேல ஏதோ இருக்குதுங்ணா” என்று விட்டுவிட்டார்.

ரோட்டின் மேல் ஒன்றும் இல்லை. ஹாட்ஸ்பாட் ஒரு நிமிஷம் அறுந்து மறுபடி இணையும்போது, பழைய இணைப்பு செத்துவிட்டது என்று சர்வருக்கு இன்னும் தெரிந்திருக்காது. ஓப்பன்விபிஎன் பேசுகிற யூடிபி முறையில் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் கிடையாது. அதே பெயரில் புதிய இணைப்பு வந்தவுடன்தான், பழையதை முடித்து வைக்கிறது. அதாவது ‘போகும்’ ஸ்கிரிப்டைக் கூப்பிட்டு, அடுத்த கணமே ‘வரும்’ ஸ்கிரிப்டைக் கூப்பிடுகிறது. வரிசை சரிதான். ஆனால் நான் இரண்டையும் பின்னணிக்குத் தள்ளியிருந்தேன். போகும் ஸ்கிரிப்டில் முதலில் டெலிகிராம் செய்தி, பிறகுதான் விதி நீக்கம். வரும் ஸ்கிரிப்ட், நல்ல பிள்ளையாக, ‘விதி ஏற்கெனவே இருக்கிறதா?’ என்று பார்க்கும். இருக்கிறது, இன்னும் எடுபடவில்லை. சரி, வேலை இல்லை என்று போய்விடும். நான்கு விநாடி கழித்து டெலிகிராம் வேலை முடிந்து, போகும் ஸ்கிரிப்ட் வந்து விதியை எடுத்துவிடும். ஆள் உள்ளே, பச்சை விளக்கு எரிகிறது, விதி இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. கண்டுபிடித்த பிறகும் சரியான பாடத்தை நான் கற்றுக்கொள்ளவில்லை. பூட்டு போட்டேன், வரிசை போட்டேன், ஃபயர்வால் விதி எழுதும் ஐபிடேபிள்ஸ் கட்டளைகள் இரண்டு ஒரே நேரத்தில் வந்தால் ஒன்று காத்திருக்கட்டும் என்று விருப்பம் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் இரண்டாவது கட்டளை, வேறு யாரோ பூட்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று முனகிவிட்டு வெளியேறிவிடும், விதி விழாது. ஸ்கிரிப்ட் 30 வரியிலிருந்து 180 வரியானது. அன்றைக்கு அதைப் பார்த்துப் பெருமைகூடப் பட்டேன்.

ஓப்பன்விபிஎன்னில் இன்னொரு வகை ஸ்கிரிப்டும் உண்டு. முகவரி ஒன்று சேரும்போதும் மாறும்போதும் நீங்கும்போதும் கூப்பிடும். சேரும்போது முகவரியோடு பெயரையும் சொல்லும். நீங்கும்போது முகவரியை மட்டும் சொல்லும், பெயர் கிடையாது. கையேட்டில் அதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். நம்ம வாட்ச்மேன் அண்ணன் நோட்டேதான்.

முகவரி மாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. எங்கள் தொழிலில் இதை நாட்டிங் என்போம். விபிஎன்னில் வருகிறவருக்கு 10.8.0.6 என்று ஒரு முகவரி. டேலி ஓடும் விண்டோஸ் மெஷினுக்கு 192.168.1.10. பாக்கெட் போய்ச் சேர்ந்துவிடும். பதில்தான் வராது. ஏனென்றால் அந்த மெஷினுக்கு 10.8.0.6 யாரென்று தெரியாது; தெரியாத முகவரி எல்லாவற்றையும் ஆபீஸ் ரவுட்டரிடம் தள்ளும்; ரவுட்டருக்கும் தெரியாது. இதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு: ரவுட்டரில் போய், 10.8.0.0/24 (10.8.0 என்று தொடங்கும் முகவரிகள்) என்று வந்தால் லினக்ஸ் பெட்டிக்கு அனுப்பு என்று ஒரே ஒரு வரி எழுதுவது. குறுக்குவழி மாஸ்கரேட். லினக்ஸ் பெட்டி எல்லோருடைய முகவரியையும் கழற்றிவிட்டுத் தன் முகவரியைப் போட்டு உள்ளே அனுப்பும். பதில் வந்ததும் மாற்றிக் கொடுக்கும்.

இணைய வழிகாட்டிகளில் பத்துக்கு ஒன்பது மாஸ்கரேட்டைத்தான் சொல்கின்றன. எனக்கு இது பற்றி ஒரு பிடிவாதமான அபிப்பிராயம் உண்டு. உள் வலைக்குள் மாஸ்கரேட் போடுவது, ரவுட்டரைத் தொட முடியாதவன் சொல்கிற பொய். வேலை நடக்கும். ஆனால் டேலி மெஷினின் பதிவேட்டில் ஆடிட்டர், அக்கவுன்ட்ஸ் அக்கா, ஊட்டியில் இருக்கும் முதலாளி மகன் எல்லோரும் ஒரே முகவரியாகத்தான் தெரிவார்கள். நாளைக்கு யார் வந்து எதைத் தொட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. இருந்தும் நான் அந்தப் பொய்யைத்தான் இரண்டு வருஷம் சொன்னேன். இணைய கம்பெனி கொடுத்த ரவுட்டரின் பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை.

வெளியே இணையத்துக்குப் போகிற பக்கம் மாஸ்கரேட் தேவைதான். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. வழிகாட்டிகளில் வெளிப்பக்க இடைமுகத்தின் (பெட்டியை வலையோடு சேர்க்கும் வாசலின்) பெயர் ஈத்0 என்று இருக்கும். 2013-க்குப் பிறகு சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடங்கி நடத்தும் மென்பொருள்) வந்த பெட்டிகளில் கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்து நீளமான பெயர் வரும். ஈத்0 என்றே விதி எழுதினால் ஃபயர்வால் ஒரு வார்த்தை பேசாது. அப்படி ஒரு இடைமுகமே இல்லையே என்று கேட்காது. நாளைக்கு வரலாம் என்று அது நினைத்துக்கொள்கிறது. அதன் நியாயம் அதற்கு. விதி பார்க்க லட்சணமாக இருக்கும், ஒரு பாக்கெட்டும் அதில் படாது. அதனால் இப்போது என் ஸ்கிரிப்ட் பெயரைக் கேட்பதில்லை. இணையத்துக்கு எந்த வழியாகப் போகிறாய் என்று லினக்ஸின் மையமான கர்னலையே கேட்டுப் பெயரை எடுத்துக்கொள்கிறது.

2022-ல் வயர்கார்டுக்கு மாறினேன். மாறியது வேகத்துக்காக, யோசனை மாறியது வேறொன்றால்.

வயர்கார்டில் வருவதும் போவதும் கிடையாது. இணைந்தார், பிரிந்தார் என்று சொல்ல அதற்கு எதுவும் இல்லை. சாவி இருக்கிறது, சாவிக்கு உரிய முகவரி இருக்கிறது. பாக்கெட் வந்தால், அது எந்தச் சாவியால் பூட்டப்பட்டது, அந்தச் சாவிக்கு இந்த முகவரி உண்டா என்று பார்க்கும். இல்லையென்றால் கீழே போட்டுவிடும். இடைமுகம் எழும்போது ஓட ஒரு வரி, விழும்போது ஓட ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். போஸ்ட்அப், போஸ்ட்டவுன் என்று பெயர். ஆளுக்கு ஆள் ஓடுகிற ஸ்கிரிப்ட் என்ற பேச்சே இல்லை.

முதலில் எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது. என் 180 வரியை எங்கே கொண்டுபோய் வைப்பது? கடைசியாக எப்போது கைகுலுக்கல் (இரு பக்கமும் சாவியைச் சரிபார்த்துக்கொள்வது) நடந்தது என்று நிமிஷத்துக்கு ஒரு முறை கேட்டு, மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆனால் ஆள் போய்விட்டார் என்று வைத்துக்கொண்டு விதியை எடுக்கலாமே என்று ஒரு ஸ்கிரிப்ட் பாதி எழுதினேன். நல்லவேளை, அதற்குள் அந்த 41 கண்ணில் பட்டது.

41 எப்படி வந்தது என்பது சின்னக் கதை. கம்பெனியின் டையிங் யூனிட்டும் (சாயம் போடும் இடம்) இதே விபிஎன்னில்தான். அதன் இணையத்துக்கு நிலையான முகவரி இல்லை, அதனால் பெயரால் கூப்பிடுவோம். வயர்கார்டு அந்தப் பெயரை எழும்போது ஒரே ஒரு முறைதான் முகவரியாக மாற்றிக்கொள்ளும். பிறகு மாறினாலும் கண்டுகொள்ளாது. அதனால் தினமும் விடிகாலை நாலு மணிக்கு இடைமுகத்தை இறக்கி ஏற்றுவதாக ஒரு வேலையைப் போட்டிருந்தேன். இடையில் விபிஎன் முகவரித் தொகுதியை 10.8-லிருந்து 10.66-க்கு மாற்றினேன். போஸ்ட்அப் வரியில் மாற்றினேன். போஸ்ட்டவுன் வரியில் மறந்துவிட்டேன். விதியை நீக்கும் கட்டளை, சேர்த்தது எப்படியோ அப்படியே சொன்னால்தான் நீக்கும். ஒரு எண் மாறினாலும் அப்படி ஒரு விதி இல்லை என்று சொல்லிவிடும். நாலு மணிக்கு அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? தினமும் ஒன்று ஏறியது, ஒன்றும் இறங்கவில்லை. 41 நாள். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தால் விரதம் முடிந்திருக்கும்.

அந்த ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்ததில் தோன்றியது இதுதான். ஆடிட்டருக்கு டேலி மட்டும் என்பது, ஆடிட்டர் இணைந்திருக்கும்போது மட்டும் உண்மையா? அவர் தூங்கும்போதும் அது உண்மைதானே. அவர் முகவரி 10.66.0.21 என்றால், அந்த முகவரி வேறு யாருக்கும் போகாது, சாவி அதைக் கட்டிவைத்திருக்கிறது. அப்படியானால் விதி எப்போதும் இருக்கட்டுமே. அவர் இல்லாதபோது அந்த விதியில் எந்தப் பாக்கெட்டும் வரப்போவதில்லை. வந்தால் சேர், போனால் எடு என்று நான் தானியங்கியாக்கியதே தேவையில்லாத வேலை. ஓப்பன்விபிஎன்னில்கூட ஆளுக்கு நிலையான முகவரி கொடுக்க வழி இருந்தது, நானே கொடுத்தும் இருந்தேன். 2020-லேயே அந்த 180 வரியும் வேண்டியிருக்கவில்லை. ஒன்பது நாளும் வேண்டியிருக்கவில்லை.

மாற வேண்டியது ஆள் பட்டியல் ஒன்றுதான். ஆள் சேருகிறார், ஆள் விலகுகிறார், அக்கவுன்ட்ஸிலிருந்து ஸ்டோருக்கு மாறுகிறார். அது மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை நடப்பது.

இப்போது இருப்பது இதுதான். ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஆளுக்கு ஒரு வரி: பெயர், பிரிவு, முகவரி, சாவி. அதைப் படித்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இரண்டு கோப்புகளை எழுதும். ஒன்று வயர்கார்டுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகளை அறுக்காமல் வித்தியாசத்தை மட்டும் ஏற்றிக்கொள்ளும் கட்டளை அதற்கு உண்டு. மற்றொன்று, ஐபிடேபிள்ஸின் வாரிசான என்எஃப்டேபிள்ஸுக்கு. என்எஃப்டேபிள்ஸ் லினக்ஸுக்குள் வந்தது 2014-ல், 3.13 பதிப்பில். நான் அதை எட்டு வருஷம் எட்டிப்பார்க்கவில்லை. ஐபிடேபிள்ஸ் கைக்குப் பழகிய அரிவாள்மணை. புதுக் கத்தி எதற்கு என்ற எண்ணம். இரண்டு விஷயத்துக்காக இப்போது நன்றியோடு இருக்கிறேன்.

ஒன்று, பெயர் வைத்த தொகுதி. ‘கணக்கு’ என்று ஒரு தொகுதி, ‘மெர்ச்’ என்று ஒரு தொகுதி, ‘ஆடிட்’ என்று ஒன்று. விதி, ‘கணக்கு’ தொகுதியில் இருப்பவர் 192.168.1.10-இன் 3389 போர்ட்டுக்கு (தூரத்திலிருந்து திரையைத் திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப்)ப் போகலாம் என்கிறது. ஐந்து பேர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும் அதே ஒரு வரி. மொத்த விதிகள் ஒன்பது. ஒரு வருஷமாக அவற்றில் கை வைக்கவில்லை. மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அதில் விபிஎன் பிரிவுக்கு ஒரு முகவரிப் பட்டியல் பெயரைக் கொடுத்துவிட்டால், வருகிறவரை அதுவே பட்டியலில் சேர்த்து, போனதும் எடுத்துவிடும். விதி பட்டியலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.

மற்றது, ஒரே மூச்சில் மாற்றுவது. கோப்பு முழுவதையும் கொடுத்தால், முழுவதும் ஏறும், அல்லது எதுவும் ஏறாது. பாதியில் நிற்கிற பேச்சு இல்லை. கோப்பின் தலையில் ஒரு சின்ன தந்திரம்: என் அட்டவணையை உருவாக்கு, பிறகு அதை அழி, பிறகு புதிதாக எழுது என்று மூன்றும் வரிசையாக. முதல் முறை ஓடும்போது அழிக்க ஒன்றும் இல்லாமல் தடுமாறக் கூடாது என்பதற்காகத்தான் அந்த முதல் ‘உருவாக்கு’. இதை நூறு முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றுதான். 41 வருவதற்கு வழியே இல்லை. எடுப்பது என்று தனியாக ஒரு வேலை இல்லாததால், எடுக்க மறப்பதும் இல்லை.

இதிலும் அடி வாங்கினேன். ஆரம்பத்தில் கோப்பின் தலையில், எல்லா விதிகளையும் துடைத்துவிட்டு எழுது என்று போட்டிருந்தேன். சுத்தமாக இருக்குமே என்று. அதே பெட்டியில் வருகைப்பதிவு மென்பொருளை யாரோ டாக்கரில் (மென்பொருளைத் தனி அறைபோல் ஒதுக்கி ஓட்டும் கருவி) ஏற்றியிருந்தார்கள். டாக்கர் தன் நாட்டிங் விதிகளை அதே ஃபயர்வாலில்தான் எழுதி வைக்கும். என் துடைப்பம் அதையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட்டது. மறுநாள் காலை விரல் வைத்தால் பதியவில்லை என்று கேட்டில் கூட்டம். ‘என் அட்டவணையை மட்டும் அழி’ என்று மாற்றினேன்.

மாற்றிய பிறகும் விபிஎன் பாக்கெட் போகவில்லை. டாக்கர், கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கு இயல்பான பதில் ‘கூடாது’ என்று வைத்துவிடும். என் அட்டவணையில் ‘போகலாம்’ என்று எழுதியிருக்கிறதே என்றால், என்எஃப்டேபிள்ஸில் போகலாம் என்பது அந்தச் சங்கிலிக்கு (விதிகளின் வரிசைக்கு) மட்டும்தான். அடுத்த சங்கிலியும் கேட்கும். கூடாது என்று ஒரு இடத்தில் சொன்னால் அத்தோடு முடிந்தது. கல்யாணப் பேச்சு மாதிரி: பத்து பேர் சரி என்றாலும், ஒரு மாமா முறைத்துக்கொண்டால் போயிற்று. டாக்கருக்கென்று அதற்கு ஒரு சங்கிலி உண்டு, அதில் விதி சேர்க்கலாம். நான் சேர்க்கவில்லை. வருகைப்பதிவை வேறு மெஷினுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். விபிஎன் பெட்டியில் விபிஎன் மட்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசத்துக்கு வருவதில்லை.

டையிங் யூனிட்டிலும் 192.168.1 தொடர்தான். பெட்டியிலிருந்து எடுத்த ரவுட்டரை அப்படியே சொருகினால் எல்லா ஊரிலும் அதுதான். இரு பக்கமும் ஒரே எண் என்றால் பாக்கெட்டுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது. அங்கே முகவரி மாற்றம் தவிர்க்க முடியாதது; யூனிட் முழுவதையும் 10.71.1 தொடராகக் காட்டி, கடைசி எண்ணை மட்டும் அப்படியே வைத்து ஒன்றுக்கு ஒன்றாக மாற்றுகிறேன். 192.168.1.40 பிரிண்டர் இங்கிருந்து பார்த்தால் 10.71.1.40. மாஸ்கரேட் போல் இது ஆளை மறைப்பதில்லை, ஆளுக்கு வேறு சட்டை போடுகிறது. என் கணக்கில் இது பொய் ஆகாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். ஒரு பையனை நிறுத்திவிட்டோம், இப்போதே விபிஎன்னை எடுத்துவிடுங்கள் என்றார். குரலில் கோபம். ஐந்து நிமிஷத்தில் தொகுதியிலிருந்து அவன் முகவரியை எடுத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி போன்: “எடுத்தாச்சுன்னு சொன்னீங்க, அவன் இன்னும் சிஸ்டத்துக்குள்ள இருக்கறானுங்களே!”

இருந்தான். காலை ஒன்பதரைக்குத் திறந்த ரிமோட் டெஸ்க்டாப் அது. ஃபயர்வாலின் முதல் விதி எல்லோரும் எழுதுகிற விதிதான்: ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிற இணைப்பு என்றால் கேள்வி கேட்காமல் விடு. கர்னலின் இணைப்புப் பதிவேட்டில் அவன் இணைப்பு இருக்கிறது, அதனால் என் தொகுதி வரை பாக்கெட் வந்தே பார்க்கவில்லை. அந்தப் பதிவேட்டில் ஒரு டிசிபி இணைப்பு (ரிமோட் டெஸ்க்டாப் இந்த வகைதான்) ஒரு பேச்சும் இல்லாமல் சும்மா கிடந்தாலே 4,32,000 விநாடி நீடிக்கும். ஐந்து நாள். வாட்ச்மேன் அண்ணன்கூட ராத்திரியானால் கேட்டைப் பூட்டிவிடுகிறார்.

அன்றிலிருந்து ஸ்கிரிப்ட் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டு, விடுபட்ட ஒவ்வொரு முகவரிக்கும் இணைப்புப் பதிவேட்டிலிருந்து வரிகளை நீக்குகிறது; வயர்கார்டிலிருந்து சாவியையும் எடுக்கிறது. சாவி போனால் எல்லாம் போயிற்று, மற்றது இரண்டாவது பூட்டு. பையன் அந்த நான்கு மணி நேரத்தில் எதுவும் செய்யவில்லை, சம்பள ஸ்லிப்புகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு உரியதுதான்.

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தொலைவிலிருந்தே விதியை மாற்றி என்னையே வெளியே தள்ளிக்கொண்டேன். இதைச் செய்யாத நெட்வொர்க்காரன் இருந்தால் அவன் பொய் சொல்கிறான். வாட்ச்மேன் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, மாடிப்படிக்குக் கீழே போகச் சொல்லி, “கறுப்புப் பெட்டியில சின்ன பட்டன் இருக்கும் பாருங்ணா” என்று தடவ வைத்தேன். ஜூனிப்பர் ரவுட்டர்களில் இதற்கு அருமையான ஏற்பாடு: மாற்றத்தைப் போட்டுவிட்டு பத்து நிமிஷத்துக்குள் உறுதி சொல்லாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். அதையே என் ஸ்கிரிப்டிலும் செய்துவிட்டேன். ஏற்றும் முன் கோப்பில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும். பழைய விதிகளை எடுத்து வைக்கும். மூன்று நிமிஷத்தில் திரும்ப ஏற்ற ஒரு வேலையைப் போடும். பிறகுதான் புதியதை ஏற்றும். நான் மறுபடி உள்ளே வந்து ‘சரி’ என்று தட்டினால் அந்த வேலை ரத்து. ‘சரி’யை மட்டும் தானியங்கியாக்கவில்லை.

இன்னொன்றையும் ஆக்கவில்லை, ஆக்க முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மேனேஜருக்குப் போன் போட்டு அந்தப் பட்டியலை வாய்விட்டுப் படிக்கிறேன். 23 வரி, ஐந்து நிமிஷம். அவர் ஏதோ வேலையாக ‘உம்’ கொட்டிக்கொண்டே வருவார். போன மாதம் பதினேழாவது பெயர் வந்ததும் ‘உம்’ வரவில்லை.

“அந்தப் புள்ள கல்யாணமாயி போயி ஆறு மாசம் ஆச்சேங்க.”

“சொல்லவே இல்லைங்களே சார்.”

“சொல்லலைங்களா? நோட்டீஸ் போர்டுல போட்டிருந்தமே.”

நான் கோப்பைத் திறந்து அந்த வரியை எடுத்துவிட்டு, பதினெட்டாவது பெயரைப் படித்தேன்.